‘விடுதலை’ என்றால் எந்த விடுதலை? நீதிமன்றச் செய்திகளில் மொழிபெயர்ப்பில் தொலையும் ஆங்கிலச் சொற்கள்

பிரபலம் ஒருவர் மீதான வழக்கில் ‘விடுதலை’ என்று தொலைக்காட்சியின் அடிப்பட்டையில் செய்தி ஓடுகிறது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிட்டது என்றே பார்ப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அன்று நீதிமன்றத்தில் நடந்தது ஐந்தில் ஏதோ ஒன்றாக இருக்கலாம்: அக்விட்டல், டிஸ்சார்ஜ், குவாஷ், பெயில், ரெமிஷன். ஐந்துக்கும் பின்விளைவு வேறு. ஒன்றில் வழக்கு முடிந்தது. இன்னொன்றில் வழக்கு இனிமேல்தான் தொடங்கப்போகிறது. மற்றொன்றில் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

‘ரத்து’, ‘தடை’, ‘செல்லாது’, ‘உரிமை’ ஆகிய சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. தமிழுக்குச் சொல் பஞ்சம் என்பதல்ல காரணம். சட்டத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தலைப்பு எழுதும் அவசரத்தில் அவை ஒன்றாகிவிடுகின்றன.

## ஆங்கில வாசகம் ஏன் முக்கியம்?

அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவில் விடை இருக்கிறது.

1. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நடவடிக்கைகள், நாடாளுமன்றம் வேறு வகை செய்யும் வரை, ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். சட்டங்கள், அவசரச் சட்டங்கள், விதிகள் ஆகியவற்றின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலமே.
2. ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் மொழியிலேயே சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் அதிகாரபூர்வ வாசகமாகக் கொள்ளப்படும். சென்னையில் தமிழில் நிறைவேறிய சட்டத்துக்கும் ‘மூலம்’ ஆங்கிலம்தான். விசித்திரம்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.
3. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. வழக்காடுபவர் புரிந்துகொள்வதற்காக மட்டுமே மொழிபெயர்ப்பு, செயல்படுத்துவதற்கு ஆங்கிலத் தீர்ப்பே செல்லும் என்ற குறிப்பும் அதில் இருக்கும்.

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம், தீர்ப்பு எழுதலாம். உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது; அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே செய்தியில் வரும் தமிழ்ச்சொல் எதுவானாலும், உத்தரவில் இருக்கும் ஆங்கில வினைச்சொல்லே விளைவைத் தீர்மானிக்கிறது.

## நேர், கோணல்: சொற்கள் வந்த வழி

‘ரைட்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘நேரானது’ என்று பொருள். ‘ராங்’ ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, பொருள் ‘கோணியது’. உரிமையியல் தீங்கைக் குறிக்கும் ‘டார்ட்’ என்பதற்கு லத்தீன் வேரில் ‘முறுக்கப்பட்டது’ என்று பொருள். ‘லா’ கூட ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கல்ல. வைக்கிங்குகளோடு வந்த வடமொழிச் சொல் அது (நம் வடமொழியல்ல, ஐரோப்பாவின் வடக்கு): ‘கீழே வைத்து நிலைநிறுத்தப்பட்டது’.

தமிழருக்கு இந்தப் படிமம் புதிதல்ல. வளையாத கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். கொடுவாளில் இருக்கும் ‘கொடு’தான் கொடுங்கோலிலும் இருக்கிறது. நேர்மைக்குள் ‘நேர்’ இருக்கிறது, நடுவுநிலை தவறினால் ‘கோடினான்’ என்றார்கள்.

ஆனால் ஓரிடத்தில் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. ‘சரியானது’, ‘எனக்குச் சேர வேண்டியது’ இரண்டையும் ஆங்கிலம் ‘ரைட்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கிறது. தமிழில் ‘சரி’ வேறு, ‘உரிமை’ வேறு. உரிமையின் வேர் ‘உரிய’ என்பதில் இருக்கிறது, நேர்-கோணலில் இல்லை. ‘அப்படிப் பேச அவனுக்கு உரிமை உண்டு, ஆனால் பேசியது சரியில்லை’ என்று நாம் தடுமாறாமல் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஒரே சொல்லை இரண்டு பொருளில் போட்டு நெளிய வேண்டும். உரிமையில் தமிழ் தெளிவு. விடுதலையில் ஆங்கிலம் தெளிவு.

## ஐந்து விடுதலைகள்

டிஸ்சார்ஜ் என்றால் விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவித்தல். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்கிறது. அதைப் படித்து நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைகிறது. இவை வெவ்வேறு கட்டங்கள். ‘குற்றப்பத்திரிகை’ போலீசின் அறிக்கை, ‘குற்றச்சாட்டு வனைதல்’ நீதிபதியின் வேலை. இரண்டுக்கும் நடுவில், வழக்கை நடத்தப் போதிய முகாந்திரமே இல்லை என்று நீதிபதிக்குத் தோன்றினால் டிஸ்சார்ஜ். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் செஷன்ஸ் வழக்குகளுக்குப் பிரிவு 250, மாஜிஸ்திரேட் விசாரிக்கும் வாரண்ட் வழக்குகளுக்குப் பிரிவு 262. விடுவிக்கக் கோரும் மனுவுக்குப் புதிய சட்டம் 60 நாள் என்று கெடு வைத்திருக்கிறது. பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லை.

சாட்சி யாரும் கூண்டில் ஏறவில்லை என்பதால் டிஸ்சார்ஜ் தீர்ப்பு ஆகாது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்று சட்டமே விளக்கக் குறிப்பில் சொல்லிவிடுகிறது. புதிய ஆதாரம் கிடைத்தால் அவர்மீது மறுபடியும் வழக்கு வரலாம்.

அக்விட்டல்தான் முழுப் பொருளில் விடுதலை: சாட்சிகளை விசாரித்து, வாதம் கேட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லும் தீர்ப்பு. இதற்குப் பிறகு அதே குற்றத்துக்கு மறுவிசாரணை கிடையாது. மேல்முறையீடு மட்டும் உண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் பலர் வாழ்க்கையோடு விளையாடுகிறது. ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கிறேன்’ என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தால், தண்டனை இல்லை என்ற அளவில் அதுவும் முழு விடுதலையே. ஆனால் தமிழ்நாட்டில் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவர் ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே பணி விதிகள் கருதுகின்றன. ‘ஹானரபிள் அக்விட்டல்’, அதாவது கௌரவமான விடுதலை, வேண்டும் என்று கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படியொரு சொல்லே கிடையாது; நீதிமன்றங்கள் உருவாக்கிய சொல் அது என்று தமிழகக் காவல்துறை தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே 2012-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே விடுதலையான தீர்ப்பின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுச் சான்றிட்ட நகலை பீரோவில் வைத்துவிடக் கூடாது. காரணம் சொல்லும் பத்தியில் எந்த வாசகம் இருக்கிறது என்று அன்றே பார்த்துவிட வேண்டும்.

குவாஷ் உயர் நீதிமன்றத்தின் கையில் இருப்பது. எஃப்.ஐ.ஆரையோ குற்றப்பத்திரிகையையோ அடியோடு ரத்து செய்வது. முன்பு ‘482 மனு’ என்று நீதிமன்ற வளாகத்தில் டீ கொடுப்பவர் வரை எல்லோருக்கும் தெரிந்த எண் இது. புதிய சட்டத்தில் பிரிவு 528. பழைய எண் 482 இப்போது முன்ஜாமீனுக்குப் போய்விட்டது. பழக்கத்தில் எண்ணைச் சொன்னால் குமாஸ்தாவும் வக்கீலும் வேறுவேறு மனுவை நினைத்துக்கொள்ளும் நிலை. புகாரை அப்படியே உண்மை என்று ஏற்றாலும் குற்றம் ஆகவில்லை என்றால் குவாஷ் ஆகும்; தனிப்பட்ட தகராறில் இரு தரப்பும் சமரசம் ஆனாலும் ஆகலாம். பிந்தைய வகையில் யார் சொன்னது உண்மை என்ற கேள்விக்கே நீதிமன்றம் போவதில்லை. அதை ‘பொய் வழக்கு என நிரூபணம்’ என்று எழுதுவது தவறு.

பெயில், அதாவது ஜாமீன், வழக்கின் முடிவோடு தொடர்பற்றது. இந்தச் சொல்லுக்குப் பழைய சட்டத்தில் இலக்கணமே கிடையாது. புதிய சட்டம்தான் முதன்முறையாக வரையறுத்தது. கூடவே இரண்டு சொற்களைப் பிரித்துவைத்தது: ‘பாண்ட்’ என்றால் பிணையாள் இல்லாமல் தானே எழுதிக்கொடுப்பது, நாம் ‘சொந்த ஜாமீன்’ என்பது. ‘பெயில் பாண்ட்’ என்றால் பிணையாளோடு கொடுப்பது, ‘இரு நபர் ஜாமீன்’ வகை. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடு என்பதெல்லாம் இதற்கு மேல் வரும் நிபந்தனைகள்.

ஜாமீனில் ‘டிஃபால்ட் பெயில்’ என்று ஒரு வகை உண்டு. கைதானவரை நீதிமன்றக் காவலுக்கு அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள், மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டுக்குக் குறையாத சிறை ஆகியவற்றுக்குரிய குற்றங்களில் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். குற்றத்தின் கடுமையை நீதிபதி இங்கே எடைபோட முடியாது. கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கெடு முடிந்தும் மனுப் போடாமல் இருந்து, அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். முந்துவது யார் என்பதே கேள்வி. இப்படி வெளியே வந்தவரைப் பற்றி ‘வழக்கில் வலுவில்லை, நீதிமன்றம் விடுவித்தது’ என்று பேசுவது முழுப் பிழை. வலுவிழந்தது வழக்கல்ல, காலண்டர்.

ரெமிஷன் தண்டனைக் குறைப்பு. குற்றம் உறுதி, தண்டனையின் அளவு மட்டும் குறைகிறது. தண்டனையின் வகையையே மாற்றுவது ‘கம்யூட்டேஷன்’: தூக்கு ஆயுளாவது. குற்றத்தையும் தண்டனையையும் சேர்த்துத் துடைப்பது ‘பார்டன்’, மன்னிப்பு. அரசமைப்பில் குடியரசுத் தலைவருக்கு 72-ஆம் பிரிவிலும் ஆளுநருக்கு 161-ஆம் பிரிவிலும் இந்தச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இவற்றில் சில ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கருணை மனுக்கள் மீது 11 ஆண்டுத் தாமதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 18 அன்று மூவரின் தூக்கை ஆயுளாக்கியது, அது கம்யூட்டேஷன். மறுநாளே மாநில அரசு அவர்களை விடுவிக்க முடிவெடுத்தது. அது ரெமிஷன் முயற்சி. 2022 மே 18 அன்று பேரறிவாளன் வெளியே வந்தது, ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்ததால், முழு நீதி வழங்க அதிகாரம் தரும் 142-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் தானே பிறப்பித்த உத்தரவால். இது அக்விட்டலும் அல்ல, பார்டனும் அல்ல. குற்றத்தீர்ப்பு தொடப்படவில்லை. அன்று தெருவில் நடந்த வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் ‘விடுதலை’ என்று ஒன்றை நினைக்க மற்றவர் வேறொன்றை நினைத்ததால் வந்தவை.

## தடை ஒன்று, ரத்து வேறு

‘ஸ்டே’ என்றால் நிறுத்திவைத்தல். உத்தரவு இருக்கிறது, வேலை செய்யவில்லை. ‘செட் அசைடு’ என்றால் நீக்கிவிடுதல். உத்தரவே இல்லை. மின்சாரத்தை ஸ்விட்சில் அணைப்பதற்கும் கம்பியையே உருவி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு.

இதற்குள் இன்னொரு பிரிவு உண்டு. குற்றவாளி என்ற தீர்ப்பு ‘கன்விக்‌ஷன்’. அதற்காக விதிக்கப்படும் சிறையும் அபராதமும் ‘சென்டன்ஸ்’. மேல்முறையீட்டின்போது சென்டன்ஸை நிறுத்திவைப்பது சகஜம். அப்போது ஆள் ஜாமீனில் வெளியே இருப்பார், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு உயிரோடு இருக்கும். கன்விக்‌ஷனையே நிறுத்திவைப்பது அரிது. பதவியில் இருப்பவருக்கு இந்த வித்தியாசமே எல்லாம். ஏனென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி தகுதியிழப்பு கன்விக்‌ஷனால் வருகிறது. சிறைக்குப் போகாமல் ஜாமீனில் இருப்பதால் அது விலகாது. மேல்முறையீடு செய்தால் பதவி தப்பும் என்றிருந்த உட்பிரிவையும் 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கிவிட்டது.

ராகுல் காந்திக்கு 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் இரண்டாண்டு சிறை விதித்தது; தண்டனையை அன்றே நிறுத்தியும் வைத்தது. இருந்தும் மறுநாள் எம்.பி. பதவி போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் கன்விக்‌ஷனை நிறுத்திய பிறகே, ஆகஸ்ட் 7 அன்று பதவி திரும்பியது.

தமிழ்நாட்டில் இதே சொல் ஓர் அரசமைப்புச் சிக்கலையே கிளப்பியது. சொத்துக்குவிப்பு வழக்கில் விழுப்புரம் நீதிமன்றம் க.பொன்முடியை 2016-இல் விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் அதைப் புரட்டி மூன்றாண்டு சிறை விதித்தது, பதவி போயிற்று. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் கன்விக்‌ஷனை நிறுத்திவைத்தது. மீண்டும் அமைச்சராக்க முதல்வர் பரிந்துரைத்தபோது ஆளுநர் மறுத்தார். குற்றத்தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டதுதானே, நீக்கப்படவில்லையே என்பது அவர் வாதம். அகராதிப்படி பார்த்தால் அதில் பிழையில்லை. ஸ்டே வேறு, செட் அசைடு வேறுதான். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். நிறுத்திவைத்த காலத்தில் அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் நிற்கிறது. பதவியேற்க அது போதும். உச்ச நீதிமன்றம் மார்ச் 21 அன்று கடுமையாகக் கண்டித்ததும், 22 அன்று பதவிப்பிரமாணம் நடந்தது.

ஸ்டேவும் இல்லாமல் செட் அசைடும் இல்லாமல் மூன்றாவது ஒன்று உண்டு: ‘அபேட்’, சட்டத் தமிழில் அற்றுப்போதல். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் 2014-இல் தண்டனை, 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் விடுதலை. மேல்முறையீட்டில் வாதம் முடிந்து தீர்ப்பு நிலுவையில் இருந்தபோது, 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் மற்ற மூவருக்கும் விசாரணை நீதிமன்றத்தின் தண்டனையை உறுதிசெய்தது. அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அபேட் ஆனது என்றது. அவர் ‘குற்றவாளியா இல்லையா’ என்று இரு கட்சியாகப் பிரிந்து இன்னும் பேசுகிறார்கள். ஆனால் நடைமுறை விளைவில் குழப்பமில்லை: அற்றுப்போனாலும் அவருடைய நகைகளும் பிறவும் வாரிசுகளுக்குத் திரும்பவில்லை, 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றம் அவற்றைத் தமிழக அரசிடம் ஒப்படைத்தது.

‘திருத்தம்’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரத்தில் சர்வே எண் தவறாக விழுந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். இரு தரப்பின் எண்ணமும் சரி, எழுத்து மட்டும் கோணல். விற்றவர் மனம் மாறிவிட்டார் என்பதற்காக, வாங்கியவர் சம்மதமில்லாமல் தானாகவே ரத்துப் பத்திரம் எழுதிக் கிரயத்தை அழிக்க முடியாது. அதற்கு சிவில் நீதிமன்றம் போக வேண்டும். நீதிபதிக்கும் இதே கட்டுப்பாடு. கையெழுத்திட்ட குற்றவியல் தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அவர் மாற்றக் கூடாது.

## செல்லாது: பிறக்காதது, கொல்லக்கூடியது

‘வாய்டு’ என்பதற்கும் ‘வாய்டபிள்’ என்பதற்கும் தமிழில் ‘செல்லாது’ என்றே எழுதிவிடுகிறோம். சட்டத் தமிழில் முன்னது ‘இல்லாநிலையது’, பின்னது ‘தவிர்தகு’. முன்னது பிறக்கவே இல்லை. பின்னது பிறந்து உயிரோடு இருக்கிறது. உரிமை உள்ளவர் வந்து அழித்தால் ஒழிய அது சாகாது.

பதினாறு வயதுப் பையன் ஒருவனை வைத்துப் பார்ப்போம். அவன் பெயரில் 2 ஏக்கர் நிலம்.

1. அவனே கையெழுத்துப் போட்டு ஒருவருக்கு நிலத்தை விற்க ஒப்பந்தம் செய்கிறான். இது வாய்டு. 1903-இல் மோகரி பீபி வழக்கில், ஆங்கிலேயர் காலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த விதி இன்றும் மாறவில்லை. யாரும் ரத்து கேட்க வேண்டியதில்லை.
2. அவன் தந்தை, இயற்கைக் காப்பாளர் என்ற முறையில், நீதிமன்ற அனுமதி வாங்காமல் அந்த நிலத்தை விற்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி அது தவறு. ஆனாலும் விற்பனை வாய்டு அல்ல, பையன் விரும்பினால் வாய்டபிள். அவன் 18 வயதைத் தொட்டதும் அதை ஏற்கலாம், எதிர்க்கலாம். எதிர்த்து வழக்குப் போடுவதானால் மேஜரான நாளிலிருந்து 3 ஆண்டுக்குள், அதாவது 21 முடிவதற்குள்.

‘அப்பா அனுமதி வாங்காமல் விற்றது, எப்படியும் செல்லாது’ என்று நினைத்துக்கொண்டு முப்பது வயதில் வக்கீலைத் தேடுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஒற்றைச் சொல்லில்தான். வாங்குபவரும் கவனிக்க வேண்டும்: மூலப்பத்திரத்தில் ‘மைனருக்காகத் தகப்பனார் கார்டியன்’ என்ற வரி கண்ணில் பட்டால், நீதிமன்ற அனுமதி ஆணையின் நகலைக் கேளுங்கள்; அது இல்லையென்றால், மைனர் எப்போது மேஜரானார் என்று பிறந்த தேதியைக் கணக்குப் போடுங்கள்.

2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் இப்படித்தான். தண்டனைக்குரிய குற்றம், ஆனால் அந்தத் திருமணம் பொதுவாக வாய்டபிள்தான். கடத்தி வந்து, விற்று, ஏமாற்றிச் செய்தவை போன்ற சில சூழல்களில் மட்டும் வாய்டு. ‘சட்டவிரோதம்’ என்பதிலிருந்து ‘செல்லாது’ என்று ஒரே தாவில் போக முடியாது.

ஆங்கிலப் பத்திரங்களில் சொற்கள் இரட்டையாக வருவதையும் கவனித்திருப்பீர்கள்: ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ போல. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்ற மொழி பிரெஞ்சும் லத்தீனுமாயிற்று. இரு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதும் வழக்கம் ஊன்றிவிட்டது. 1733-இல்தான் ஆங்கிலம் கட்டாயமானது. அந்த இரட்டைகளில் இரண்டாவது சொல்லுக்குத் தனிப்பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நம் கிரயப் பத்திரத்தில் ‘சர்வ சுதந்திர பாத்தியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று வருவது போலத்தான்.

## உரிமை என்றால் யாருக்குக் கடமை?

செய்திகளில் ‘உரிமை’ என்று வரும்போது அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் 32-ஆம் பிரிவின்கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம். அந்தரங்க உரிமை 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பால் இந்தப் படியில் ஏறியது. சொத்துரிமை இந்தப் படியிலிருந்து இறங்கியது: 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தத்தால் அது அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு 300ஏ பிரிவில் வைக்கப்பட்டது. இன்றும் அது அரசமைப்பு தரும் உரிமைதான்; சட்டத்தின் அதிகாரமின்றி அரசு உங்கள் நிலத்தைத் தொட முடியாது. ஆனால் நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தால் 32-ஐப் பிடித்துக்கொண்டு டெல்லிக்குப் போக முடியாது. 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம்தான் வாசல்.

அடுத்த படி, சட்டம் தந்த உரிமை. இதில் பலரும் எதிர்பாராதது வாக்குரிமை. தேர்தலில் வாக்களிப்பதும் நிற்பதும் பிறப்போடு வந்த உரிமையல்ல, சட்டம் உருவாக்கியது என்று 1952-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான என்.பி.பொன்னுசாமியின் வழக்கு அது.

உரிமை என்று பெயர் இருந்தும் பல் இல்லாதவையும் உண்டு. பல் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, எதிரே கடமைப்பட்டவர் யார் என்று கேட்பது. தகவல் பெறும் உரிமையில் விடை பளிச்சென்று இருக்கிறது: பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், உயிர், சுதந்திரம் தொடர்பானது என்றால் 48 மணி நேரம். தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அவர் கையிலிருந்து. இதற்கு எதிர்முனையில் அரசமைப்பின் நான்காம் பகுதியிலுள்ள வழிகாட்டு நெறிகள். அரசுக்குக் கடமை என்று எழுதியிருக்கிறது, ஆனால் நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 37-ஆம் பிரிவு அதே மூச்சில் சொல்லிவிடுகிறது.

## உத்தரவைக் கையில் வாங்கியதும்

செய்தியை விட்டுவிட்டு உத்தரவையே படிக்க முடிந்தால், கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். அங்கே வரும் வினைச்சொற்களில் மூன்று அடிக்கடி ஏமாற்றும்.

‘அப்சர்வ்டு’: நீதிபதி கருத்துச் சொன்னார். விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னது மறுநாள் தலைப்பாகலாம்; உத்தரவில் ஏறாவிட்டால் அது யாரையும் கட்டுப்படுத்தாது.

‘டிஸ்மிஸ்டு’: தள்ளுபடி. எதற்காகத் தள்ளுபடி என்று பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளினால், ‘உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது’ என்று எழுதுகிறார்கள். உறுதி செய்யவில்லை. மேல்முறையீட்டுக்கு அனுமதி தரவில்லை, அவ்வளவே. 2000-இல் குஞ்ஞயம்மது வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை விளக்கியிருக்கிறது. அப்படித் தள்ளிய பிறகும் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்க வழி உண்டு. இந்த மறுஆய்வு ‘ரெவ்யூ’, தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் போடுவது. ‘ரிவிஷன்’ என்ற சீராய்வு மேல் நீதிமன்றத்தில் போடுவது.

‘டிஸ்போஸ்டு ஆஃப்’: முடித்துவைக்கப்பட்டது. பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து ஆண்டுக்கணக்கில் பதிலில்லை என்று ஒருவர் உயர் நீதிமன்றம் போகிறார். ‘மனுதாரரின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் 12 வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு பிறப்பிக்க வேண்டும்’ என்று சொல்லி நீதிமன்றம் மனுவை முடிக்கிறது. ஊரில் ‘ஹைகோர்ட்டில் ஜெயித்துவிட்டார்’ என்று பேச்சு. ஆனால் அங்கே இருக்கும் சொல் ‘கன்சிடர்’; ‘கிராண்ட்’ அல்ல. தாசில்தார் பன்னிரண்டாவது வாரம் கோப்பை எடுத்து, காரணம் எழுதி நிராகரித்தாலும் நீதிமன்ற உத்தரவை அப்படியே நிறைவேற்றியவர் ஆவார்; அவமதிப்பு வழக்கு நிற்காது. மனுதாரர் அந்த நிராகரிப்பை எதிர்த்து முதலில் வருவாய்த்துறை மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், நிராகரிப்பு ஆணையின் நகலோடு.